தண்ணீர் பழகும் வரை

முன்னறையிலிருந்து ‘டக்’கென்று ஒரு சத்தம். பாட்டில் மூடி திறக்கிற சத்தம்.

சமையலறையில் தேநீருக்குத் தண்ணீர் வைத்திருந்த வெந்நீரக்கா அடுப்பைச் சட்டென்று சின்னதாக்கினாள். உடம்பு அடுப்படியில் நின்றது. காது மட்டும் சுவரைத் தாண்டிப் போயிற்று. ஒரு சொட்டு. இன்னொரு சொட்டு. கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடி சொட்டு. பிறகு மூடி மூடுகிற ‘டக்’.

“சர்க்கரை போடலாமா மாப்பிள்ளை?” என்று உள்ளேயிருந்தே குரல் கொடுத்தாள்.

மருமகன் சர்க்கரை இல்லாமல் தேநீரைத் தொடமாட்டான் என்பது அவளுக்குக் கல்யாணத்தன்றே தெரியும். கேள்வி சர்க்கரைக்காக இல்லை. பதில் எந்த மூலையிலிருந்து வருகிறது என்று பார்ப்பதற்காக.

“போடுங்க அத்தை.”

தொட்டிப் பக்கமிருந்துதான் வந்தது.

திரைச்சீலையின் ஓரத்தை ஒற்றை விரலால் விலக்கினாள். மருமகன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். புதுத் தொட்டியின் மூடி திறந்திருந்தது. மீன் ஒன்றுகூட இல்லாத தொட்டி. வெறும் தண்ணீரும், மூலையில் குமிழி விட்டுக்கொண்டிருக்கும் ஒரு ஃபில்டரும்தான். கையிலிருந்த சின்ன பாட்டிலை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி, தொட்டிக்குப் பின்னால் சுவரோரமாக நைசாகச் சொருகினான் அவன்.

வெந்நீரக்கா திரைச்சீலையைச் சத்தமில்லாமல் விட்டாள். தன் ஒரே மகளை எந்தக் கையை நம்பி அனுப்பி வைத்தாளோ, அந்தக் கை செய்கிற வேலையா இது!

முகத்தில் ஒன்றும் காட்டாமல் தேநீரைக் கொண்டுபோய் வைத்தாள்.

“மீனை எப்ப மாத்தப்போறீங்க மாப்பிள்ளை?”

“இன்னும் ஆகல அத்தை.”

“என்ன ஆகல?”

“தண்ணி பழகணும்.”

“தண்ணி பழகணுமா? யாரோட?”

அவன் தேநீரைப் பார்த்துச் சிரித்தான். “பழகிட்டா சொல்றேன்.”

இதற்குமேல் ஒரு வார்த்தை வராது. லிஃப்ட் மெக்கானிக்கான அவனுக்கு, நாள் முழுக்க இருட்டுக் குழிக்குள் தனியாக நின்று வேலை பார்த்ததிலோ என்னவோ, பேச்சு என்பதே சுண்டிப் போயிருந்தது. குடித்தான், செருப்பை மாட்டினான், “வரேன் அத்தை” என்றான், போனான்.

அவன் இரண்டாவது படியில் கால் வைப்பதற்குள் வெந்நீரக்கா மேல் தாழ்ப்பாளைப் போட்டாள். கீழ்த் தாழ்ப்பாளையும் போட்டாள். கடக், கடக். அது அவன் காதில் விழும் என்று அவளுக்குத் தெரியும். விழட்டுமே!

உடனே தொட்டிக்குப் பின்னால் கையை விட்டுப் பாட்டிலை எடுத்தாள். மூடியைத் திறந்து மூக்கருகே கொண்டுபோனதுதான் தாமதம், நெடி மூளை வரைக்கும் ஏறிக் கண்ணில் நீராக இறங்கியது. தெரியாத நெடியா? ஒரு காலத்தில் ஆஸ்பத்திரித் தரையையும் கண்ணாடியையும் துடைக்க இதைத்தான் வாளியில் கலந்து வைப்பார்கள்.

அமோனியா.

வெந்நீரக்காவின் கதையைக் கொஞ்சம் சொல்லாவிட்டால் அவள் அன்று ஏன் அப்படிப் பதறினாள் என்பது புரியாது.

ஒரு பல் ஆஸ்பத்திரியின் பின்னறையில் கருவிகளைக் கழுவி, கொதிக்கவைத்து, ஆவியில் சுத்தம் செய்து அடுக்குவது அவள் வேலை. அந்த அறைக்குள் வாழ்க்கையில் பாதி போய்விட்டது. அடுத்தவர் வாயிலிருந்து வருகிற ரத்தமும் எச்சிலும் படிந்த கருவிகள் அவள் கைவழியே போய், பளபளவென்று வெளியே வரும். கண்ணுக்குத் தெரியாததுதான் ஆளைக் கொல்லும் என்பது அங்கே அவள் கற்ற பாடம். வீட்டிலும் அதேதான். சீப்பு வேகும், தம்ளர் வேகும், தலையணை உறை வேகும். விருந்தாளி உட்கார்ந்து எழுந்த நாற்காலிக்கு ஒரு துடைப்பு உண்டு. அதனால்தான் ஆஸ்பத்திரியில் ஆரம்பித்து தெரு வரைக்கும் அவள் பெயர் வெந்நீரக்கா.

கிருமியைச் சந்தேகப்பட்டுப் பழகிய மனசு மனிதர்களை மட்டும் சும்மா விடுமா? பால்காரர் தண்ணீர் சேர்க்கிறார். மாடிவீட்டுக்காரர் மின்சாரம் திருடுகிறார். எதிர்வீட்டு அம்மாள் சிரிக்கிறாளே, எதற்கு? உலகத்தில் அவள் சந்தேகப்படாத ஒரே ஆள் அவள் புருஷன். அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அவர் கண்ணாடி வெட்டுகிறவர். ஜன்னலுக்கும் படச்சட்டத்துக்கும் கண்ணாடி அறுத்து மிஞ்சிய துண்டுகளைச் சேர்த்து, தன் கையாலேயே பசை போட்டு ஒட்டி, ஒரு மீன்தொட்டி செய்தார். அதில் இரண்டு தங்கமீன்கள். உள்ளங்கை அகலத்துக்கு வளர்ந்துவிட்டதற்குப் பெயர் பெரியவர். வால் மட்டும் வெள்ளையாக இருப்பதற்குச் சின்னவர். வேலை முடிந்து வந்ததும் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவார் மனிதர். மருமகன் வந்தால் அவனும் பக்கத்தில் உட்காருவான். இரண்டு ஆம்பிளைகளும் ஒரு வார்த்தை பேசாமல் மீனையே பார்த்துக்கொண்டு சாயங்காலத்தைக் கழிப்பார்கள்.

இந்த வீட்டில் வெந்நீர் படாத பொருள் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. தொட்டி ஃபில்டரின் உள்ளே இருக்கும் ஸ்பாஞ்ச். “என் தலையை வேணா வேகவை. அந்த ஸ்பாஞ்சை மட்டும் தொடாத” என்று புருஷன் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறார். காரணம் கேட்டதற்கு “சொன்னா உனக்குத் தூக்கம் வராது” என்றார். அவர் போன பிறகும் அந்த ஒரு சொல்லை அவள் மீறவில்லை. ஃபில்டர் பெட்டியைத் திறந்துகூடப் பார்த்ததில்லை.

மகள் போனில் அழைத்துக்கொண்டே இருந்தாள்.

“ரெண்டு மீனுக்காகவா அம்மா தனியாக் கெடக்கற? இங்க வந்துடேன்.”

“உங்கப்பா விட்டுட்டுப் போன உசிருடி. எங்க போட்டுட்டு வர?”

“அதுங்க போனப்புறம் என்ன சாக்கு சொல்லுவ?”

“போனா பாத்துக்கலாம்.”

இந்தப் பேச்சு நடந்த கொஞ்ச நாளில்தான் பழைய தொட்டியின் ஓரத்தில் கசிவு கண்டது. கீழே ஒரு துண்டைச் சுருட்டி வைத்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே மருமகன் புதுத் தொட்டியோடு வந்து நின்றான். யாரும் கேட்கவில்லை! தண்ணீர் நிரப்பினான், ஃபில்டரை ஓடவிட்டான், மீனை மட்டும் மாற்றவில்லை. வாரக்கணக்காக வெறும் தண்ணீருக்கு மோட்டார் ஓடுகிறது. வாரத்தில் பாதி நாள் அவன் வருகிறான். கேட்டால் தண்ணீர் பழகவேண்டுமாம்!

மீன் செத்தால் மாமியாருக்குச் சாக்கு இல்லை. சாக்கு இல்லாவிட்டால் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பவேண்டியதுதான். வெந்நீரக்காவின் மனசில் கணக்கு கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது.

மறுநாள் ஆஸ்பத்திரியில், நோயாளிகளுக்கு நம்பர் கொடுக்கும் ‘டோக்கன்’ என்கிற பெண்ணிடம் அவள் மெல்லப் பேச்செடுத்தாள்.

“காலித் தொட்டில விஷத்தை ஊத்தி என்ன பிரயோஜனம் அக்கா? மீன் இருக்கறது பழைய தொட்டில இல்ல?”

“அங்கதான்டி இருக்கு சூட்சுமம். பழசுல ஊத்தினா நான் பாத்துடுவேன். புதுசுல ஊத்தி ஊறவெச்சு, ஒரு நாள் மீனைத் தூக்கி உள்ள விட்டா? ‘எடம் மாறினது ஒத்துக்கல அத்தை’ன்னு ஒரே வார்த்தை. மீனுக்குப் போஸ்ட்மார்ட்டமா பண்ணுவாங்க?”

“உங்க மாப்பிள்ளை நம்ம லிஃப்டைப் பாக்க வந்தாரே, வாயே தெறக்கல. அவரா?”

“பேசாதவங்களை நம்பவே கூடாது.”

“அப்ப பேசறவங்களை?”

“அவங்களையும்தான்.”

டோக்கன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வெந்நீரக்கா சிரிக்கவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கையுறையை மாட்டிக்கொண்டு புதுத் தொட்டியைச் சோதனை போட்டாள். தண்ணீரை இறைத்துக் கொட்டலாமென்றால் அத்தனை வாளி தூக்க இடுப்பு இடம் கொடுக்காது. ஃபில்டரைக் கழற்றினாள். உள்ளே இருந்ததைப் பார்த்ததும் உடம்பு கூசியது. புதுத் தொட்டியில், புது ஃபில்டரில், பழுப்பாக வழவழவென்று சளி பிடித்தாற்போல ஒரு ஸ்பாஞ்ச்! எந்தக் குப்பையில் பொறுக்கினான் இதை?

பழைய ஸ்பாஞ்சைத் தொடமாட்டேன் என்றுதான் புருஷனுக்கு வாக்கு. புதுசுக்கு யாரும் வாக்கு வாங்கவில்லை.

சீப்பு வேகவைக்கிற பாத்திரத்தில் தண்ணீர் தளதளவென்று கொதித்தது. ஸ்பாஞ்சை அதில் போட்டு, கரண்டியால் அமுக்கி, பிழிந்து, மறுபடி கொதிக்கவிட்டாள். பழுப்பெல்லாம் போய் அது கடையில் வாங்கியது போலப் புதுசாக வெளியே வந்தது. திரும்பப் பொருத்தி வைத்தபோது அவளுக்கு எதிரியின் கத்தியைப் பிடுங்கிப்போட்ட நிம்மதி. பெரியவரைப் பார்த்து, “நான் இருக்கற வரைக்கும் யாரும் உங்களைத் தொட முடியாது” என்றாள். பெரியவர் வாயைத் திறந்து திறந்து மூடினார்.

ஆனால் பழைய தொட்டி அவள் நிம்மதிக்காகக் காத்திருக்கவில்லை. காலையில் மட்டும் பிழிந்த துண்டைச் சாயங்காலமும் பிழியவேண்டி வந்தது. பிறகு நடுவிலும். ஒருநாள் வேலையிலிருந்து வந்தபோது துண்டைத் தாண்டித் தரையில் தண்ணீர் ஓடியிருந்தது. புருஷன் விரலால் நீவி ஒட்டிய பசை, ஒரு மூலையில் நகம்போலப் பிரிந்து நின்றது. அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். இந்தத் தொட்டி உடைந்தால் மீன்களை எங்கே விடுவது? அந்த விஷத்திலா?

அழைப்பு மணி அடித்தது. மருமகன்.

தரையில் கிடந்த தண்ணீரைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது. நேரே புதுத் தொட்டிக்குப் போனான். பையிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயை எடுத்து, தொட்டித் தண்ணீரை அள்ளி, ஏதோ மருந்துச் சொட்டு விட்டுக் குலுக்கினான். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தான். குழாய்க்குள் தண்ணீர் கரும்பச்சையாகத் திரும்பியது.

“வீட்டுக்கு யாராவது வந்தாங்களா அத்தை?”

“யாரும் வரல. ஏன்?”

“தொட்டில யாராவது கை விட்டாங்களா?”

வெந்நீரக்காவுக்குச் சுரீரென்று கோபம் ஏறியது. செய்வதையும் செய்துவிட்டு விசாரணை வேறா? விறுவிறுவென்று சமையலறைக்குப் போனாள். திரும்பி வந்தபோது ஒரு கையில் காலித் தம்ளர். தொட்டிக்குப் பின்னாலிருந்த பாட்டிலை எடுத்து மேசைமேல் ‘ணங்’கென்று வைத்தாள். புதுத் தொட்டித் தண்ணீரைத் தம்ளரில் மொண்டு அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். மருமகன் முகத்தை நேருக்கு நேர் பார்த்து அவள் பேசியது அதுதான் முதல் தடவை.

“இதை ஒரு மடக்கு குடிப்பீங்களா மாப்பிள்ளை?”

அவன் தம்ளரைப் பார்த்தான், பாட்டிலைப் பார்த்தான். “மாட்டேன் அத்தை.”

“இதுல மீனை விடுவீங்களா?”

“விடமாட்டேன். இன்னிக்கு விட்டா விடியறதுக்குள்ள செத்துடும். இது விஷம்தான்.”

மறுப்பான், உளறுவான், சத்தியம் செய்வான் என்றெல்லாம் நினைத்து அதற்கெல்லாம் பதில் வைத்திருந்தவள், இதற்கு வைத்திருக்கவில்லை. தம்ளரைப் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“ஒத்துக்கறீங்களா! அவர் பக்கத்துல உக்காந்து பாத்த மீனுங்களாச்சே. எப்படி மனசு வந்தது? அதுங்க செத்தா நான் பொட்டியைக் கட்டிக்கிட்டு உங்க வீட்டுக்கு வந்துடுவேன், அதுக்குத்தானே இவ்வளவும்?”

அவன் வாயைத் திறந்தான், மூடினான். பெரியவர் செய்வது போலவே இருந்தது. பிறகு தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தான்.

“உக்காருங்க அத்தை.”

“உக்கார மாட்டேன்.”

“சரி, நின்னுகிட்டே கேளுங்க. மீன் மூச்சு விடறதுலயும் கழிக்கறதுலயும் தண்ணில சேர்றது இதே அமோனியாதான். பழைய தொட்டில இத்தன வருஷமா சேர்ந்துகிட்டேதான் இருக்கு. அப்புறம் ஏன் மீன் சாகல? அங்க அதைத் தின்னு தீர்க்க ஆள் இருக்கு.”

“ஆளா? என் வீட்லயா?”

“கண்ணுக்குத் தெரியாத ஆளுங்க. ஸ்பாஞ்சைப் புடிச்சுகிட்டு வாழும். பழுப்பா, வழவழன்னு...” அவன் குரலைத் தாழ்த்தினான். “கிருமி.”

அந்த வீட்டில் அந்த வார்த்தையைச் சொல்வது, கோயிலுக்குள் செருப்போடு நுழைவது மாதிரி. வெந்நீரக்கா ஒரு அடி பின்வாங்கினாள்.

“நல்ல கிருமி அத்தை.”

“கிருமில ஏது நல்லது கெட்டது?”

“இதுல இருக்கு. மாமாதான் எனக்குச் சொன்னாரு. பழைய ஸ்பாஞ்சைப் பாதியா வெட்டி புதுசுக்குள்ள வெச்சேன், அதுங்க இங்கயும் குடியேறட்டும்னு. ஆனா மீன் இல்லாத தொட்டில அதுங்களுக்குத் தீனி ஏது? அதான் சொட்டுச் சொட்டா ஊத்தறேன். ஊத்தின விஷம் மறுநாளே காணாமப் போச்சுன்னா, மீனைத் தாங்கற அளவுக்கு ஆளுங்க பெருகிட்டாங்கன்னு அர்த்தம். இதுதான் தண்ணி பழகறது. முன்ன வந்தப்ப கிட்டத்தட்ட ஆயிடுச்சு. விஷம் இல்லன்னு குழாய் மஞ்சளாக் காட்டுச்சு. இன்னிக்குப் பாருங்க, பச்சை. யாரோ அத்தனையையும் கூண்டோட கொன்னுட்டாங்க.”

பாதி ஸ்பாஞ்ச். பழைய ஸ்பாஞ்ச். புருஷன் கையெடுத்துக் கும்பிட்டுக் காப்பாற்றிய ஸ்பாஞ்ச்.

வெந்நீரக்கா உட்காரமாட்டேன் என்றதை மறந்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

“மாப்பிள்ளை.”

“சொல்லுங்க.”

“அதை நான் வேகவெச்சுட்டேன்.”

“எதை?”

“ஸ்பாஞ்சை. சீப்புப் பாத்திரத்துல.”

மருமகன் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டான்.

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா நீங்க?” என்றாள். கண்ணில் நீர் முட்டியது; இந்தத் தடவை அமோனியாவால் இல்லை.

“‘அத்தை, உங்க முன்னறைல கிருமி வளக்கறேன்’னு எந்த வாயால சொல்ல? தொட்டியோட சேத்து என்னையும் வேகவெச்சிருப்பீங்க.”

அது நியாயம்தான். ஆனாலும் சந்தேகம் என்பது அவ்வளவு லேசில் விட்டுப்போகிற வியாதியா?

“இதெல்லாம் உண்மைன்னு நான் எப்படி நம்பறது? நான் அங்க வந்துடணும்னுதானே உங்க ரெண்டு பேருக்கும்...”

மருமகன் வாசல் கதவைப் பார்த்தான். அதற்கு அப்பால் தன் பெண்டாட்டி நிற்கிறாளோ என்று பயந்தவன்போலப் பார்த்தான்.

“அத்தை, கூப்பிடறது உங்க பொண்ணு. நான் ஒரு தடவையாவது கூப்பிட்டிருக்கேனா?”

வெந்நீரக்கா யோசித்தாள். அபார ஞாபகசக்தி அவளுக்கு. யோசித்து யோசித்துப் பார்த்தும் ஒரு தடவைகூட இல்லை.

“தப்பா எடுத்துக்காதீங்க. போன தடவை நீங்க வந்து தங்கினப்ப என் ஸ்பானர் பையை வெந்நீர்ல போட்டீங்க. பல் தேய்க்கிற பிரஷ் வளைஞ்சு போச்சு. நான் உக்காந்து எந்திரிச்சா பின்னாலயே துணியோட வந்தீங்க. உங்களுக்கும் அங்க வர இஷ்டமில்ல. எனக்கும்...” அவன் நிறுத்தினான். காது சிவந்துவிட்டது. “மாமா மீனுன்னு பாசம் இருக்கு, இல்லன்னு சொல்லல. ஆனா இந்த மீனுங்க நல்லா இருக்கணும்னு உங்களைவிட நான் வேண்டிக்கறேன் அத்தை.”

வெந்நீரக்கா அவனையே பார்த்தாள். மாமியாரைக் குளிர்விக்க ஆயிரம் பொய் சொல்லலாம். எவனாவது இப்படி ஒரு பொய்யைச் சொல்வானா? புருஷன் போன பிறகு, திருப்பித் திருப்பிப் பார்க்கத் தேவையில்லாத ஒரு வார்த்தை அன்றுதான் அவள் காதில் விழுந்தது. அழுகை வரப்போகிறது என்று நினைத்தாள். வந்தது சிரிப்பு.

“ஸ்பானர் பை அவ்வளவு நாத்தம் மாப்பிள்ளை.”

“அது கிரீஸ் வாசனை அத்தை.”

பிறகு இரண்டு பேரும் பழைய தொட்டிப் பக்கம் குனிந்தார்கள். தண்ணீரை இறக்கினால் பாரம் குறையும், பாரம் குறைந்தால் கசிவும் குறையும் என்று குழாய் போட்டுப் பாதித் தண்ணீரை வாளியில் இறக்கினான். மிச்சமிருந்த பழைய ஸ்பாஞ்சில் ஒரு துண்டை மட்டும் கத்தரித்தான். முழுசையும் எடுத்தால் இங்கிருக்கிற மீன்கள் தாங்காதாம். புதுத் தொட்டியில் பாதித் தண்ணீரை மாற்றினான். துண்டு ஸ்பாஞ்சை ஃபில்டருக்குள் வைக்குமுன், வேகவைத்த ஸ்பாஞ்சின்மேல் அதைக் கொஞ்சம் பிழிந்தான். பளிங்காக இருந்த தண்ணீரில் பழுப்புக் கலங்கல் மேகம்போலப் பரவியது.

வெந்நீரக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். “முடிஞ்சதா?”

“இன்னும் கொஞ்சம்.”

“சீக்கிரம் பிழிங்க. எனக்கு மயக்கம் வருது.”

முடிந்ததும் மருமகன் பாட்டிலையும், மருந்தோடு அந்தக் கண்ணாடிக் குழாயையும் அவள் கையில் வைத்தான்.

“எனக்கு இனிமே ஊருக்கு வெளிய வேலை. அடிக்கடி வர முடியாது. நீங்கதான் ஊத்தணும். குழாய் மஞ்சளாக் காட்டினா அளவாச் சொட்டு விடுங்க. பச்சையா இருந்தா விடாதீங்க, காத்திருங்க.”

“என் கையாலயா? விஷமா?”

“உங்க கையாலதான். பழைய தொட்டிக்குத் தீனியைக் குறைங்க. வாளில நிக்கவெச்ச தண்ணியைத் தினம் கொஞ்சம் மாத்துங்க. வெந்நீர் வேண்டாம்.”

“அது தெரியும்” என்றாள் ரோஷமாக. பிரிந்து நின்ற பசையைத் தொட்டுப் பார்த்தாள். “தாங்குமா மாப்பிள்ளை? திரும்ப முதல்லேர்ந்து பழகணுமே.”

அவன் கண்ணாடி ஓரமாக விரலை ஓட்டினான்.

“மாமா ஒட்டினது. கொஞ்ச நாள் தாங்கும்.”

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே தயங்கினான்.

“அத்தை, நான் சொன்னதை உங்க பொண்ணுகிட்ட...”

“எதை? ஸ்பானர் பையா?”

“அதுக்கு முன்னால சொன்னதை.”

“எனக்கு ஒண்ணும் கேக்கல மாப்பிள்ளை. ஆவி மிஷின் சத்தத்துலயே இருந்து காது மந்தமாயிடுச்சு.”

அவன் சிரித்துக்கொண்டே இறங்கினான். “வரேன் அத்தை.”

வெந்நீரக்கா கதவைச் சாத்தினாள். பழக்கத்தில் கை மேல் தாழ்ப்பாளுக்குப் போயிற்று. அந்தப் பக்கம், இரண்டாவது படியில் காலடிச் சத்தம் நின்றது. அவனும் பழக்கத்தில் அந்த இரண்டு ‘கடக்’குக்காகத்தான் காத்து நின்றான் போலிருக்கிறது.

அவள் கையை இறக்கிக்கொண்டாள்.

சற்று நேரம் படியில் சத்தமே இல்லை. பிறகு காலடி ஒவ்வொன்றாகக் கீழே இறங்கிப் போயிற்று.